பயணக் குதிரை: அறிகுறி பார்த்துக் குறை தீர்க்கும் வழி

என் பெட்டைக் குதிரையின் முதுகில் புண் கண்டது முதல் பயணத்தின் மூன்றாம் நாள். அந்தியூரில் கிளம்பி பவானி, பெருந்துறை தாண்டிச் சென்னிமலை அடிவாரத்தில் சேணத்தைக் கழற்றினேன். கம்பளியோடு ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோலும் உரிந்து வந்தது. பழனி போகக் கிளம்பியவர்கள், டெம்போவில் ஏறி வீடு திரும்பினோம்.

அந்தப் புண் அன்றைக்கு வந்ததல்ல. மூன்று வாரத்துக்கு முன்பே, வீட்டு வாசலில், அதே இடத்தில் வேர்வை படாத காய்ந்த திட்டு ஒன்று இருந்தது. பார்த்தேன், அர்த்தம் தெரியவில்லை, துடைத்துவிட்டுப் போய்விட்டேன். அதற்குப் பிறகு பார்த்த குறைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான். வழியில் குதிரையைப் படுக்க வைப்பது, வீட்டில் எப்போதோ தலைகாட்டிவிட்டுப் போனதாகவே இருக்கும். அதனால் கீழே சொல்லும் ஒவ்வொரு அறிகுறியையும் பயிற்சிக் காலத்திலேயே தேடுங்கள்.

என் மனதில் இருப்பது கொங்கு மேட்டுக்காட்டு வழி: அந்தியூர் முதல் காங்கேயம், தாராபுரம், பழனி வரை, மார்கழி தை மாதங்களில், நாளுக்கு 25 கிலோமீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. இதற்கு 12 வாரப் பயிற்சி வேண்டும். முதல் 4 வாரம் நடை மட்டும், 5 கிலோமீட்டரில் தொடங்கி 15 வரை. அடுத்த 4 வாரம் இடையிடையே ட்ராட் என்னும் மெல்லோட்டம் சேர்த்து 20. கடைசி 4 வாரம் சேணப்பையில் முழுச் சுமையோடு 25, அதில் வாரம் ஒருமுறை அடுத்தடுத்து இரண்டு நாள். மூச்சும் தசையும் ஆறு வாரத்தில் தேறிவிடும். கால் நரம்பும் (தசையை எலும்போடு கட்டும் தசைநாண்) எலும்பும் அவ்வளவு சீக்கிரம் தேறாது. குதிரை துள்ளிக்கொண்டு நிற்பதைப் பார்த்துப் பயிற்சியைச் சுருக்கினால் கால் வீங்குவது இதனால்தான்.

ஆளும் சேணமும் மூட்டையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தராசு தேவையில்லை. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள்முனையிலிருந்து பிட்டமுனை வரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ வரும். அளவுகள் சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். சுற்றளவு 165, நீளம் 152 என்றால் கிட்டத்தட்ட 348 கிலோ. அது 70 கிலோ சுமக்கலாம். உங்கள் எடையே 75 என்றால் பெரிய குதிரை பாருங்கள், அல்லது வழியில் பாதி தூரம் இறங்கி நடக்கத் தயாராகுங்கள்.

எதையும் தொடங்கும் முன் உங்கள் குதிரையின் இயல்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16, உடல் வெப்பம் பாரன்ஹீட்டில் 99.5 முதல் 101.3. ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஒரு சாதாரண ஸ்டெதஸ்கோப் வாங்கி, இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரு வாரம் காலை மாலை எழுதி வைத்தால் உங்கள் குதிரைக்கு எது சாதாரணம் என்று பிடிபடும். அது தெரியாதவருக்கு மீதியெல்லாம் ஊகம்தான்.

சேணத்தின் கீழே வேர்வை படாத திட்டு

நல்ல சேணம் இருந்த முதுகு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நனைந்திருக்கும். நடுவில் முதுகுத்தண்டு மட்டும் காய்ந்திருக்கும். அந்த நனைந்த பரப்புக்குள் காய்ந்த திட்டு தெரிந்தால், அங்கே அழுத்தம் அதிகம், வேர்வைச் சுரப்பியே நசுங்கியிருக்கிறது. அடுத்தது சேணம் எடுத்த அரை மணியில் எழும் வீக்கம். அதற்கடுத்தது புண். ஆறிய பிறகு அந்த இடத்தில் வெள்ளை முடி முளைக்கும். குதிரை வாங்கும்போது பிடரிமயிர் முடிகிற இடத்தில் உள்ள தோள்மேட்டின் இருபுறமும் வெள்ளை முடி இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

காய்ந்த திட்டுக்கு நாம் முதலில் செய்வது இன்னொரு கம்பளி போடுவது. நானும் அதைத்தான் செய்தேன். காலில் இறுக்கும் செருப்புக்குள் இன்னொரு சாக்ஸ் போட்டது போல, இறுக்கம் கூடியதே தவிரக் குறையவில்லை. மார்வாரி இனக் குதிரைகளுக்குத் தோள்மேடு உயரமாக, குறுகலாக இருக்கும். அகலமான சேணம் அதன் மேல் அப்படியே இறங்கி உட்கார்ந்துவிடும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, சேணத்தின் முன்வளைவுக்கும் மேட்டுக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். முதுகுத்தண்டின் மேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சேணத்தையே மாற்றுங்கள். பயணத்துக்குச் செலவு செய்ய ஒரே ஒரு இடம் உண்டென்றால் அது இதுதான்.

பயிற்சியில் குதிரை இளைக்கும். ஆறாம் வாரம் சரியாக இருந்த சேணம் பன்னிரண்டாம் வாரம் இறங்கிவிடலாம். கிளம்பும் வாரம் மறுபடி பாருங்கள்.

வழியில் வீக்கம் கண்டால் அன்றைய சவாரி முடிந்தது, கூட நடங்கள். தினமும் இறங்கியதும் சேணத்தை உடனே உருவாமல் வாரை மட்டும் தளர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். நசுங்கிக் கிடந்த இடத்துக்கு இரத்தம் மெல்லத் திரும்பினால் வீக்கம் குறையும்.

வயிற்று வார் உரசிய புண்ணுக்குக் காரணம் பெரும்பாலும் காய்ந்த வேர்வையும் மண்ணும். வாரை இரவில் அலசிப் போடுங்கள். இறுக்கியதும் ஒவ்வொரு முன்னங்காலையும் முன்னால் இழுத்துவிட்டால் மடிந்த தோல் நேராகும்.

லாடம் அடித்த மறுநாளோ மூன்றாம் நாளோ நொண்டல்

நொண்டுவது எந்தக் கால் என்று முதலில் தெரிய வேண்டும். கெட்டித் தரையில் ஒருவர் தளர்வாகப் பிடித்து ட்ராட்டில் ஓட்டட்டும். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது இறங்கும். பிறகு அந்தக் குளம்பைக் கையால் தொட்டு மற்றதோடு ஒப்பிடுங்கள். சூடாக இருந்து, கணுவுக்குக் கீழே பின்பக்கம் இருபுறமும் ஓடும் நாடி விரலில் தெறித்தால் குறை குளம்புக்குள்தான்.

ஆணி நேராகச் சதையில் ஏறினால் அடிக்கும்போதே காலை உதறிவிடும். சதைக்கு ஒட்டி ஏறினால் அப்போது ஒன்றும் தெரியாது. அழுத்தம் சேர்ந்து ஓரிரு நாளில் நொண்டும். லாடக்காரரை அழைத்து ஒவ்வோர் ஆணியாகப் பிடுங்கச் சொல்லுங்கள். குற்றவாளி ஆணி வரும்போது குதிரை துடிக்கும், துளையில் கறுத்த நீரோ சீழோ இருக்கும். வெதுவெதுப்பான நீரில் எப்சம் உப்பு கரைத்துக் குளம்பை இருபது நிமிடம் ஊறவிட்டு, சுத்தமான துணியும் அதன்மேல் சாக்கும் கட்டுங்கள். மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் வீட்டு விலங்குகளில் டெட்டனஸுக்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். தடுப்பூசி முதல்முறை என்றால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அதனால் பயிற்சி தொடங்கும் வாரத்திலேயே முதல் ஊசி போட்டுவிடுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் அப்போதே.

கொங்கு நாட்டில் லாடம் அடிப்பவர் கிடைப்பார், ஆனால் பலருக்குக் கைப்பழக்கம் காளை மாட்டில்தான். மாட்டின் பிளந்த குளம்புக்கு லாடம் இரண்டு துண்டு. மாட்டைச் சாய்த்துக் காலைக் கட்டி அடிப்பார்கள். குதிரையின் ஒற்றைக் குளம்பில் ஆணி போகும் கோணமே வேறு. குதிரையைக் கீழே தள்ளவும் விடக் கூடாது. என் பெட்டைக்கு ஆணி ஒட்டி ஏறியதும் அவசரத்தில் கிடைத்தவரை அழைத்த அன்றுதான். தவறு அவரிடம் இல்லை, பழகாத வேலையைச் செய்யச் சொன்ன என்னிடம். இப்போது நாளும் முறையும் ஒன்றே: கிளம்புவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, குதிரை அறிந்த லாடக்காரர், கூடவே அதே குளம்புக்கு அளந்து வளைத்த ஒரு ஜோடி மாற்று லாடம் சேணப்பையில். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை லாடம் எடுத்துக் குளம்பு சீவ வேண்டியிருக்கும் என்பதையும் நாட்கணக்கில் சேருங்கள்.

லாடம் சமீபத்தில் அடிக்கவில்லை, திடீர் நொண்டல் என்றால் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். பாதிக்குப் பாதி சரளைக்கல் அல்லது சீமைக்கருவேல முள்ளாகவே இருக்கும். குளம்படியில் முக்கோணமாக ரப்பர் போல இருக்கும் பகுதியின் ஓரத்தில் கறுப்பாகக் கசிந்து நாறினால், ஈரத்தில் நின்று அழுகுகிறது என்று பொருள். சுரண்டிச் சுத்தம் செய்து, மயில்துத்தக் கரைசலைத் தொட்டுவைத்து, கட்டும் இடத்தைக் காயவையுங்கள். முழங்காலுக்கும் கணுவுக்கும் இடையில் பின்புற நரம்பு தடித்துச் சூடாக இருந்தால் பயணம் அத்தோடு முடிந்தது. குளிர்ந்த நீர் விட்டு, வண்டி ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். அதற்கு வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஓய்வு.

வழியில் தண்ணீர் குடிக்க மறுக்கிறது

இந்த அளவுள்ள குதிரை சும்மா நின்றாலே நாளுக்கு 20, 25 லிட்டர் குடிக்கும். வெயிலில் நடந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு கேட்கும். ஆனால் ஊருக்கு ஊர் தண்ணீரின் ருசி மாறும். வீட்டுக் கிணற்று நீரில் வளர்ந்தது காங்கேயத்து உப்புத் தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. மூன்று வாரம் முன்பிருந்து, தினமும் ஒரு வேளைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி கருப்பட்டியோ வெல்லமோ கரைத்துக் கொடுங்கள். பிறகு எந்த ஊர்த் தண்ணீரிலும் அதே ருசி இருந்தால் வாய்வைக்கும். பக்கெட்டும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பொதுத் தொட்டியில் குடிக்கும் குதிரைக்கு மற்றக் குதிரைகளின் சளிநோய் தொற்றும்.

வேர்த்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று ஊரில் அக்கறையோடு சொல்வார்கள். நடந்துகொண்டிருக்கும் குதிரைக்கு வழியில் கிடைக்கும் ஒவ்வொரு தண்ணீரையும் காட்டுங்கள்; குடித்துவிட்டு மெதுவாக நடக்கட்டும். குதிரையின் வேர்வையில் நம் வேர்வையைவிட உப்பு அதிகம். அதனால் தீவனத்தில் தினமும் 30 கிராம் கல்லுப்பு, நன்றாக வேர்த்த நாளில் அதன் இரண்டு மடங்கு. குடிக்காத குதிரைக்கு மட்டும் உப்பு ஏற்றாதீர்கள், தாகத்தோடு நீர்வறட்சியும் கூடும்.

திருப்பூருக்குக் கீழே நொய்யல் ஆற்றில் குதிரையை இறக்க வேண்டாம். சாயக்கழிவு சுமந்த ஆறு அது. பக்கத்துத் தோட்டத்தில் கேளுங்கள். குதிரைக்கு என்றால் யாரும் மறுப்பதில்லை, மோட்டாரையே போட்டுவிடுவார்கள்.

இறங்கி அரை மணி ஆகியும் நாடி 64க்குக் கீழே வரவில்லை

பயிற்சி பெற்ற குதிரைக்கு இருபது நிமிடத்தில் 64க்குக் கீழே வந்துவிட வேண்டும். பல நெடுந்தூரப் பந்தயங்களில் குதிரையைத் தொடர விடும் நாடி எல்லையும் 64தான். வராவிட்டால் சூடு ஏறியிருக்கிறது, அல்லது எங்கோ வலி. நிழலில் நிறுத்தி, கழுத்து, நெஞ்சு, தொடை என்று உடல் முழுக்கத் தண்ணீரை நிறுத்தாமல் ஊற்றுங்கள். சூடான உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெயிலுக்காக நடந்த ஆய்வுகள் இந்த முறையை உறுதி செய்தன. வெயிலில் நடந்தும் வேர்க்கவே இல்லை, தோல் காய்ந்து மூச்சு மட்டும் வாங்குகிறது என்றால் அது இன்னும் ஆபத்து. அந்தக் குதிரையை வெயில் காலத்தில் நெடும்பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

விலாவில் விக்கல் போல ஒரு துடிப்பு, அது நாடியோடு ஒத்துப்போகிறதா? உப்பும் சுண்ணாம்புச் சத்தும் வேர்வையில் வற்றிவிட்டன. நிறுத்துங்கள், மருத்துவரை அழையுங்கள்.

வயிற்றைத் திரும்பிப் பார்க்கிறது, தரையைக் கீறுகிறது, உருள்கிறது

தீவனத்தை உடனே எடுத்துவிடுங்கள். நாடி எண்ணுங்கள், விலாவில் காது வைத்துக் குடல் சத்தம் கேளுங்கள். சத்தமே இல்லாமல் நாடி 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. அடிபடும்படி உருண்டால் மெதுவாக நடத்துங்கள், களைக்கும்வரை நடத்த வேண்டாம்.

இந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் பெருங்காயம் கலந்த எண்ணெயைப் பாட்டிலில் கொண்டுவந்து வாயில் ஊற்றச் சொல்வார்கள். அன்பால் சொல்கிறார்கள், கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிடுங்கள். தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் வயிற்றுவலியில் பிழைக்கும் குதிரை நிமோனியாவில் போய்விடும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. எண்ணெய் தேவை என்றால் மருத்துவர் மூக்குக் குழாய் வழியாகக் கொடுப்பார்.

காரணம் பெரும்பாலும் உலர்ந்த சோளத்தட்டும் குறைந்த தண்ணீரும். வேலியோரம் கட்டிய குதிரை சீமைக்கருவேலக் காயை வயிறுமுட்டத் தின்றாலும் குடல் அடைக்கும். தீவனத்தை மாற்றுவதாக இருந்தால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். தானியம் ஒரு வேளைக்கு ஒன்றரை கிலோவைத் தாண்ட வேண்டாம்.

ஓய்வு நாளுக்கு மறுநாள் பின்கால் கட்டிக்கொண்டது

கிளம்பிய கொஞ்ச தூரத்தில் நடை குறுகி, தொடை கல்லாகி, வேர்த்து நின்றுவிடும். மூத்திரம் காபி நிறத்தில் வரலாம். ஓய்வு நாளில் வழக்கமான கொள்ளுத் தானியத்தை அப்படியே கொடுத்ததால் பெரும்பாலும் வருவது இது. ஓர் அடிகூட நடத்தாதீர்கள், நடக்க நடக்கத் தசை சிதையும். போர்த்தி, தண்ணீர் வைத்து, மருத்துவரை அந்த இடத்துக்கே வரச் சொல்லுங்கள். ஓய்வு நாளில் தானியத்தைப் பாதியாக்கிப் புல்லைக் கூட்டினால் இது அநேகமாக வராது.

நன்றாகத் தின்றும் மெலிகிறது

காய்ச்சல் வந்து போய், வந்து போய், காலும் அடிவயிறும் வீங்கி, எலும்பு தெரிய மெலிந்தால் சர்ரா என்ற இரத்த ஒட்டுண்ணி நோயைச் சந்தேகியுங்கள். மழைக்குப் பின் பெருகும் கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்புவது. காய்ச்சல் இருக்கும்போது இரத்தம் எடுத்துப் பார்த்தால் சிக்கும். மூக்கில் பிசுபிசுத்த மஞ்சள் சளியும் புண்ணும், தோலில் முடிச்சுகளும் கண்டால் தனியாகக் கட்டி, வெறுங்கையால் தொடாமல், உடனே அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். அது கிளாண்டர்ஸ் என்ற நோயாக இருக்கலாம்; மனிதருக்கும் தொற்றும், மறைப்பது குற்றம். ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம் இதற்கான இரத்தப் பரிசோதனை செய்கிறது. மாநில எல்லை தாண்டும் எண்ணம் இருந்தால் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள்.

நோய் இல்லை என்றால் தீவனம். கிளுவை வேலிக்குள் வெள்வேல மரநிழலோடு கிடக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் கண்ணுக்கு எவ்வளவு இதம்! அங்கே விளையும் கொழுக்கட்டைப் புல் காங்கேயம் மாட்டை வளர்த்த புல். ஆனால் அதில் உள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும். மாட்டின் வயிறு அதைச் சமாளிக்கும், குதிரையின் வயிறு சமாளிக்காது. அதோடு தவிட்டையும் மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு பலமிழந்து, முகம் வீங்கி, காரணம் தெரியாமல் நொண்டும். ஒரு வாரப் பயணத்தில் பயமில்லை. பயிற்சிக் காலம் முழுக்க அதுவே தீவனம் என்றால் மருத்துவரிடம் கேட்டுக் கால்சியம் சேருங்கள்.

இதைவிடக் கொடியது ஒன்று. பல்லடம், நாமக்கல் பக்கம் கோழித் தீவனம் எல்லாக் கடையிலும் இருக்கும். அதில் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்து கோழிக்கு நல்லது. சிறிதளவு உள்ளே போனாலே குதிரையின் இதயத்தை நிறுத்திவிடும். கடையில் கலந்து வைத்த எந்தத் தீவனத்தையும் வாங்காதீர்கள். கொள்ளும் உலர்ந்த தட்டும் முழுசாக, கண்ணால் பார்த்து வாங்குங்கள். வறட்சிக்குப் பின் துளிர்த்த இளஞ்சோளம், அரளி வேலி இரண்டின் பக்கமும் குதிரையின் வாய் போகக் கூடாது.

வாயில் எச்சில் ஒழுகுகிறது, மூக்கில் தீவனம் வருகிறது

உலர்ந்த தீவனம் தொண்டைக் குழாயில் அடைத்திருக்கும். தீவனம், தண்ணீர் இரண்டையும் எடுத்து, தலையைத் தாழ்த்தி அமைதியாக நிற்கவிடுங்கள். பெரும்பாலும் தானே இறங்கும். அரை மணியில் இறங்காவிட்டால் மருத்துவர். வாய்க்குள் கைவிடாதீர்கள். சுபாவம் மாறி, பின்கால் தள்ளாடி, எச்சில் ஒழுகினால் அது வெறிநாய்க்கடி நோயாகவும் இருக்கலாம்.

லாரிக்கும் கொட்டுக்கும் மிரள்கிறது

ரோட்டில் காயப்போட்ட சோளக்கதிர், காற்றில் படபடக்கும் தார்ப்பாய், காவடிக் கூட்டத்தின் பம்பை: வீட்டில் பார்க்காததை வழியில் பார்த்தால் மிரளத்தான் செய்யும். பழகிய நிதானமான குதிரை ஒன்றின் பின்னால் கூட்டிப்போய், தூரத்தில் நிறுத்தி, தலை தாழும்வரை காத்திருந்து திரும்புங்கள். மறுநாள் பத்தடி கிட்டே. இதற்குக் குறுக்கு வழி என்று முள் வைத்த கடிவாளத்தைச் சந்தையில் நீட்டுவார்கள். பாரம் இழுக்கும், சுமக்கும் விலங்குகளை வதையிலிருந்து காக்கும் 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அது தடை செய்யப்பட்டது. நாக்கு கிழிந்த குதிரை அடுத்த லாரிக்கு இன்னும் அதிகமாகத்தான் பயப்படும், ஏனென்றால் லாரி வரும்போதெல்லாம் வாய் வலிக்கும் என்று அது கற்றுக்கொண்டது. இருட்டில் நெடுஞ்சாலையில் போகவே வேண்டாம்.

நின்றபடியே முழங்கால் மடிந்து சரிகிறது

இதைப் பயணம் தொடங்கிச் சில நாள் கழித்துப் பார்க்கலாம். கண் சொருகி, தலை இறங்கி, முன்கால் மடிந்து, விழப்போகும் கணத்தில் திடுக்கிட்டு எழும். குதிரை நின்றே தூங்கும் என்பது பாதி உண்மை. ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். பாதுகாப்பு இல்லை என்று தோன்றும் இடத்தில் அது படுக்காது. ஊர்நடுவே, நாய் குரைக்கும் மந்தையில், குட்டைக் கயிற்றில் இரவெல்லாம் கட்டினால் நாளாக நாளாகத் தூக்கம் கடனாகச் சேர்ந்துவிடும்.

ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்துச் சாளையில் (தோட்டத்து வீட்டில்) இடம் கேளுங்கள். கல் இல்லாத மண் தரை, சுற்றிலும் பார்வை தெரியும் இடம், பக்கத்தில் ஒரு மாடாவது துணைக்கு. படுக்க நீளம் இருக்கும் கயிறு, ஆனால் காலில் சுற்றாத நீளம். இந்தக் கட்டுக்கு வீட்டில் மூன்று வாரம் பழக்கியிருக்க வேண்டும். நீங்களும் அருகிலேயே படுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மூச்சு அதற்குக் கேட்கட்டும். விடிந்ததும் முதல் வேலையாக விலாவைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மண்ணும் வைக்கோலும் ஒட்டியிருந்தால் இரவு படுத்திருக்கிறது, சேணம் கட்டலாம். இரண்டு பக்கமும் சுத்தமாக இருந்தால் இன்னொரு நாள் அங்கேயே இருங்கள்.